முதுகில் பட்ட கல்: ஒரு காயம் வழக்காகும் விதம்

2019 ஏப்ரல் 18, மக்களவைத் தேர்தலின் வாக்குப்பதிவு நாளன்று, அரியலூர் மாவட்டம் செந்துறை வட்டத்தைச் சேர்ந்த பொன்பரப்பியில் தலித் குடியிருப்பு தாக்குதலுக்கு உள்ளானது. விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் தலைவர் தொல். திருமாவளவன் பானைச் சின்னத்தில் போட்டியிட்ட சிதம்பரம் தொகுதிக்குள் வரும் ஊர் அது. ஏறத்தாழ இருபது வீடுகள் சேதமடைந்தன, பலர் காயமுற்றனர். அந்நாளின் அரசியலைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. நாம் இங்கு பேச விரும்புவது, பொன்பரப்பி போன்ற எந்தத் தாக்குதலுக்குப் பின்னும் நிகழ்கின்ற, ஆனால் எவர் கவனத்துக்கும் வராத ஒரு மணி நேரத்தைப் பற்றி. காயம்பட்டவர் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் குப்புறப் படுத்திருக்கும் நேரம் அது. அவர் முதுகு கிழிந்திருக்கிறது. கிழிசலுக்குள் செங்கல் துகளோ ஓட்டுச் சில்லோ கண்ணாடித் துண்டோ புதைந்திருக்கிறது. பணிமருத்துவர் ஒரு பதிவேட்டில் மூன்று வரி எழுதுகிறார்.

அந்த மூன்று வரிகளே பின்னர் எந்தப் பிரிவில் வழக்கு, என்ன தண்டனை, எவ்வளவு நிவாரணம் என்பதையெல்லாம் பெரிதும் தீர்மானிக்கின்றன. பெரம்பலூர் மாவட்ட மக்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினரும் அரியலூர் மாவட்டத்தில் 23 விழுக்காட்டினரும் பட்டியல் சாதியினர் என்கிறது 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு. இவ்விரு மாவட்டங்களில் களப்பணி செய்யும் எவரும் ஒருநாள் அந்த அவசரப் பிரிவின் வாசலில் நிற்க நேரும். அப்போது என்ன பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

முதுகு ஏன்? தாக்குதலின்போது மனிதர்கள் ஓடுகிறார்கள். அல்லது குழந்தையை மார்போடு அணைத்துக் குனிகிறார்கள். இரண்டு நிலையிலும் அடியை வாங்குவது முதுகுதான். தவிரவும், தன் காயத்தைத் தானே பார்க்க முடியாத இடம் அது. கையில் வெட்டுப்பட்டவர் அதன் நீளத்தைத் தானே சொல்லிவிடுவார். முதுகில் அடிபட்டவரோ பிறர் பார்த்ததையும் பிறர் எழுதியதையும் மட்டுமே நம்ப வேண்டியவராகிறார்.

மருத்துவர் முதலில் காயத்தைப் பார்ப்பதில்லை, மூச்சைப் பார்க்கிறார். மேல்முதுகுக் காயம் விலா எலும்புகளுக்கிடையே உள்ளே சென்றிருந்தால் மார்புக் கூட்டில் காற்றோ இரத்தமோ தேங்கி நுரையீரல் சுருங்கக்கூடும். எனவே மூச்சு வேகம், நாடி, இரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, மார்பு எக்ஸ்ரே ஆகியவை முன்னே வருகின்றன. இடுப்புக்கு மேலே பக்கவாட்டில் அடிபட்டிருந்தால் சிறுநீரில் இரத்தம் உள்ளதா என்று சோதிக்க வேண்டும். சிறுநீரகம் அங்கேதான் இருக்கிறது. முதுகெலும்பைத் தொட்டால் வலிக்கிறதா, கால்களில் உணர்வும் வலுவும் உள்ளனவா என்பதும் பார்க்கப்பட வேண்டும். இவற்றில் எதுவும் குறைபாடின்றி இருந்தால்கூட, 'பார்க்கப்பட்டது, இயல்பாக உள்ளது' என்று எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதப்படாத சோதனை, நீதிமன்றத்தில் செய்யப்படாத சோதனையாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது.

அடுத்து, புதைந்த பொருள். வெளியே தெரியும் துகளை எடுத்துவிட்டுத் தைத்துவிடுவது பெரும் தவறு. கண்ணாடி எக்ஸ்ரேயில் தெரியாது என்று பலர் நினைக்கிறார்கள். மிகச் சிறிய துணுக்குகள் தவிரப் பெரும்பாலான கண்ணாடித் துண்டுகள் தெரியும். கல்லும் உலோகமும் தெரியும். மரச்சிம்பு, பிளாஸ்டிக், சட்டைத் துணியின் இழை ஆகியவை பெரும்பாலும் தெரியா. அவற்றுக்கு அல்ட்ராசவுண்டு உதவும். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரு கோணங்களில் படம் எடுத்தால்தான் துண்டு எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்பது புலப்படும். பின்னர் மரத்துப்போகும் ஊசி போட்டு, உப்புநீரை அழுத்தத்துடன் பாய்ச்சிக் கழுவி, சிதைந்த தசையை நீக்கி, அடித்தளம் வரை பார்வையிடுவார்கள். மண் கலந்த, நேரம் கடந்த காயத்தை உடனே தைத்து மூடாமல், திறந்து வைத்துக் கட்டி, நான்கைந்து நாள் கழித்துச் சீழ் இல்லையென்று உறுதிசெய்து தைப்பதும் முறையான மருத்துவமே. 'எங்கள் ஆள் என்பதால் தைக்காமல் விட்டுவிட்டார்கள்' என்று உறவினர்கள் கொதித்தெழும் தருணங்கள் உண்டு. சில நேரம் அந்தச் சந்தேகத்துக்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மருத்துவரைக் காரணம் கேட்டுவிட்டுக் கோபப்படுவது நல்லது. தடுப்பூசி நிலையைக் கேட்டு டெட்டனஸ் ஊசி போட வேண்டும். முன்பு முறையாகப் போட்டுக்கொள்ளாதவருக்கு அதனுடன் டெட்டனஸ் இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும். முதுகுத் தையல் பிரிக்கப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள்; பின்னால் சட்டத்தில் இது திரும்ப வருகிறது.

காயத்துக்குப் பெயர் வைப்பதில்தான் மருத்துவமும் சட்டமும் முதலில் மோதிக்கொள்கின்றன. சிகிச்சை வார்டில் 'லேசரேஷன்' என்ற சொல் தோல் கிழிந்த எந்தக் காயத்துக்கும் தாராளமாகப் பயன்படுகிறது. தடய மருத்துவத்திலோ அதற்குக் குறுகிய பொருள் உண்டு: கல், கட்டை, இரும்புக்குழாய் போன்ற மழுங்கிய பொருள் மோதித் தோல் பிளந்த காயம் மட்டுமே கிழிகாயம். அதன் விளிம்பு ஒழுங்கற்றிருக்கும், ஓரத்தில் சிராய்ப்பும் கன்றலும் காணப்படும், உள்ளே திசு இழைகள் இருபக்கத்தையும் பாலம்போல் இணைத்திருக்கும். அரிவாளோ கத்தியோ உண்டாக்குவது வெட்டுக்காயம். அதன் விளிம்பு சீரானது, இழைப்பாலங்கள் இல்லை. அரிவாளால் வெட்டுப்பட்டவரின் பதிவேட்டில் 'லேசரேஷன்' என்று பழக்கத்தில் எழுதப்பட்டால், குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்குரைஞர் கேட்கும் முதல் கேள்வியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். தோள்பட்டை எலும்பு, முதுகெலும்பு முனை போன்று எலும்பு தோலுக்கு அடியிலேயே இருக்கும் இடங்களில் கட்டையடியும் சீராகப் பிளந்து வெட்டுக்காயம்போல் தோற்றமளிக்கும் என்பது இன்னொரு சிக்கல். எனவே பெயரைவிட வருணனை முக்கியம்: எத்தனை சென்டிமீட்டர் நீளம், அகலம், ஆழம், எந்த எலும்புக்கு எவ்வளவு தூரத்தில், விளிம்பு எப்படி, உள்ளே என்ன இருந்தது. வருணனை முழுமையாக இருந்தால் தவறான பெயரைக்கூட நீதிமன்றத்தில் திருத்திக்கொள்ள முடியும்.

கன்றல் உடனே தெரியாது; கருமையான தோலில் மேலும் தாமதமாகவே புலப்படும். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள், அளவுகோல் வைத்துப் புகைப்படம் எடுங்கள். உருண்டையான தடியால் அடித்தால் நடுவே வெளுப்பும் இருபுறமும் இணைகோடுகளாகச் சிவப்பும் தோன்றும். அது கல்லால் பட்ட காயத்துக்கு அருகிலேயே இருந்தால், கல்லும் தடியும் இரண்டும் பயன்பட்டன என்பதற்கு உடலே சாட்சி.

இப்போது புதைபொருளைச் சாட்சியமாகப் பார்ப்போம். 'வண்டியிலிருந்து விழுந்தார்' என்பது இத்தகைய வழக்குகளில் எதிர்த்தரப்பு சொல்லும் நிலையான கதை. சாலையில் விழுந்து உரசியவரின் உடலில் பரந்த சிராய்ப்பும், ஒரே திசையில் இழுபட்ட கீறல்களும், தார்த்துகளும் சிறு சல்லியும் தோலில் பதிந்திருப்பதும் வழக்கம்; உள்ளங்கை, முழங்கை, முழங்காலும் பெரும்பாலும் தப்புவதில்லை. வீசப்பட்ட கல் ஓரிடத்தில் குவிந்து மோதுகிறது: நடுவே கிழிசல், சுற்றிலும் கன்றல், உள்ளே அந்தக் கல்லின் துகள். கைகால்களில் காயமில்லை என்பதும் எழுதப்பட வேண்டிய தகவல்தான். அது தனியாக எதையும் நிரூபிக்காது, மற்றவற்றோடு சேர்ந்து பேசும். எடுத்த துண்டைக் குப்பைக்கூடையில் போடாமல், உலர்ந்த புட்டியில் இட்டு, பெயர், பதிவேட்டு எண், தேதி, உடலின் எந்த இடம் என்று ஒட்டி, முத்திரையிட்டுக் காவல்துறையிடம் ஒப்புகை பெற்று ஒப்படைக்க வேண்டும். நிகழ்விடத்தில் கைப்பற்றப்பட்ட கல்லோடு தடய அறிவியல் ஆய்வகம் அதை ஒப்பிட முடியும். இரத்தம் தோய்ந்த சட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மா துவைத்துவிடுவது நாங்கள் அடிக்கடி காண்பது. துவைக்க வேண்டாம், நிழலில் காயவைத்துக் காகிதப் பையில் வையுங்கள். சட்டையின் கிழிசலும் முதுகின் கிழிசலும் பொருந்த வேண்டும்.

குறியீட்டுக்கு வருவோம். இதை வாசிக்கும் கல்லூரி மாணவர்களில் சிலர், பட்டம் முடித்ததும் சென்னையிலோ திருச்சியிலோ மெடிக்கல் கோடிங் வேலைக்குப் போகப்போகிறீர்கள். அங்கே அமெரிக்க நோயாளி ஒருவரின் முதுகுக்காயத்தை நீங்கள் ஐ.சி.டி.-10-சி.எம். முறைப்படி ஏழு இடங்கள் கொண்ட குறியீடாக மாற்றுவீர்கள். எடுத்துக்காட்டு: எஸ்21.221ஏ. எஸ்21 என்றால் மார்புப் பகுதியின் திறந்த காயம், அடுத்த 2, பின்சுவரில், மார்புக் கூட்டுக்குள் ஊடுருவாதது, அதற்கடுத்த 2, அந்நியப் பொருளுடன் கூடிய கிழிவு, 1, வலப்பக்கம், ஏ, முதன்மைச் சிகிச்சை நடைபெறும் கட்டம். இடப்பக்கமென்றால் எஸ்21.222ஏ. உள்ளே ஊடுருவியிருந்தால் எஸ்21.42 என்ற வேறு வரிசை. அடிமுதுகென்றால் எஸ்31.02. குறியீட்டின் ஒவ்வோர் இலக்கமும் மருத்துவரிடம் கேட்கப்படும் ஒரு கேள்வி: எங்கே, எவ்வளவு ஆழம், உள்ளே ஏதாவது இருந்ததா, எந்தப் பக்கம்? உலக சுகாதார நிறுவனத்தின் மூல ஐ.சி.டி.-10-இல் இதே காயம் எஸ்21.2 என்று முடிந்துவிடுகிறது. புதைந்த கல் அதில் கரைந்துபோகிறது. தொலைதூர நாட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்காக நம் பிள்ளைகள் இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கும் கேள்விகளைத் தம் வட்ட மருத்துவமனையின் பதிவேட்டிடமும் கேட்கலாம் அல்லவா?

இதைவிட முக்கியமானது காயம் எப்படி நேர்ந்தது என்பதற்கான புறக்காரணக் குறியீடு. மழுங்கிய பொருளால் தாக்கப்பட்டால் ஒய்00. கூரிய பொருளால் தாக்கப்பட்டால் எக்ஸ்99. எறியப்பட்ட அல்லது விழுந்த பொருள் தற்செயலாகப் பட்டால் டபிள்யூ20. அதே கல், அதே முதுகு, அதே துகள். மாறுவது நோக்கம் மட்டுமே. அமெரிக்கக் குறியீட்டு நெறிமுறையில் ஒரு விதி உள்ளது: நோக்கம் இன்னதென்று குறிப்பில் சொல்லப்படவில்லையெனில் அதைத் தற்செயல் என்றே குறிக்க வேண்டும். கோடர் தாமாக ஊகித்துத் 'தாக்குதல்' என்று எழுதக்கூடாது. புள்ளிவிவர ஒழுங்குக்காக வகுக்கப்பட்ட விதிதான் அது. ஆனால் அது சொல்லும் உண்மை நம் மாவட்டங்களுக்கும் பொருந்தும்: பதிவேட்டின் மௌனம் விபத்தாகவே எண்ணப்படுகிறது. நம் மருத்துவமனைகளில் அடிதடிக் காயங்களைப் பதியும் ஏட்டின் பெயரே 'விபத்துப் பதிவேடு'தான்.

பெரம்பலூரின் கல் குவாரிகளிலும் கிரஷர்களிலும் இதன் இன்னொரு முகத்தைக் காணலாம். வெடிவைப்பில் பறந்த கற்சில்லு முதுகில் பாய்ந்த தொழிலாளி 'வீட்டில் வழுக்கி விழுந்தார்' என்று சேர்க்கப்படுவார். அழைத்துவந்தவர் மேஸ்திரி, சொன்னவரும் அவரே. பணியிடக் காயத்துக்கான இழப்பீட்டு உரிமை அந்த ஒரு வரியில் அடிபட்டுப்போகிறது.

இனிச் சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 116 கொடுங்காயம் எது என்று வரையறுக்கிறது. நிரந்தர உருக்குலைவு என்பது தலைக்கும் முகத்துக்கும் மட்டுமே. முதுகில் எவ்வளவு பெரிய தழும்பு விழுந்தாலும் அந்த வகையில் சேராது. முதுகுக்காயம் கொடுங்காயமாவதற்குப் பெரும்பாலும் மூன்று வழிகளே உண்டு: எலும்பு முறிவு, உயிருக்கு ஆபத்து, அல்லது பதினைந்து நாள் கடும் வலியில் இருப்பது அல்லது வழக்கமான வேலையைச் செய்ய இயலாமற்போவது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது இருபது நாளாக இருந்தது. ஆகவே மார்பு எக்ஸ்ரேயில் விலா எலும்பின் மெல்லிய கீறலை யாரேனும் தேடிப் பார்த்தார்களா என்பது வெறும் மருத்துவக் கேள்வியன்று.

சாதாரணக் காயமென்றால் பிரிவு 115(2), அதிகபட்சம் ஓராண்டுச் சிறை. கொடுங்காயமென்றால் 117(2), ஏழாண்டு வரை. ஆபத்தான ஆயுதத்தால் சாதாரணக் காயமென்றால் 118(1), மூன்றாண்டு வரை. அதே ஆயுதத்தால் கொடுங்காயமென்றால் 118(2), ஆயுள் சிறை வரை. கல் ஆயுதமா என்பது அது மரணம் விளைவிக்கத்தக்கதாகப் பயன்பட்டதா என்பதைப் பொறுத்தது. அங்கேதான் கல்லின் அளவும் காயத்தின் ஆழமும் பேசுகின்றன. இந்தப் படிகளின்மேல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அமர்கிறது. அதன் பிரிவு 3(2)-இன் ஐந்தாம் உட்பிரிவு, பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றத்தைப் பட்டியல் சாதியினர் என்று அறிந்தே அவர்மீது இழைத்தால் ஆயுள் சிறை என்கிறது. அதற்குக் கீழான, அட்டவணையில் உள்ள குற்றங்களுக்கு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் சேர்த்த ஐந்து-ஏ உட்பிரிவு. 118(2) ஐந்தாம் உட்பிரிவுக்கு இட்டுச் செல்லும். 118(1) ஐந்து-ஏயோடு நின்றுவிடும். இரண்டுக்கும் இடையே இருப்பது காயச் சான்றிதழில் உள்ள ஒரே சொல்: 'சாதாரணம்' அல்லது 'கொடுங்காயம்'.

அந்தச் சொல் முதல்நாள் எழுதப்படுவதில்லை என்பதையும் அறிய வேண்டும். எக்ஸ்ரே முடிவு வரும்வரை 'கருத்து நிலுவையில்' என்று மருத்துவர் குறிப்பது சரியான நடைமுறையே. பிழை அதற்குப் பின் நேர்கிறது. படம் வருகிறது, நோயாளி வீடு திரும்புகிறார், இறுதிக் கருத்தைக் கேட்டு வாங்க எவரும் வருவதில்லை. வழக்கைப் புலனாய்வு செய்ய வேண்டியவர் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி. குற்றப்பத்திரிகைக்கு விதி 7 தரும் காலம் அறுபது நாள். அந்த அறுபது நாளுக்குள் இறுதிக் கருத்தைப் பெறும்படி அவருக்கு எழுத்துபூர்வமாக மனு கொடுங்கள்.

பதிவேட்டின் முதல் வரி, அதாவது 'எப்படி நேர்ந்ததாகச் சொல்லப்படுகிறது' என்ற வரி, யார் வாயிலிருந்து வந்தது? காயம்பட்டவர் நினைவோடு இருந்தால் அவரே சொல்ல வேண்டும். 'தெரிந்த நபர்கள் சிலரால் இன்ன இடத்தில், இன்ன நேரத்தில், கல்லாலும் கட்டையாலும் தாக்கப்பட்டதாகக் கூறுகிறார்' என்ற அளவு போதும். தாக்கியவர்களின் பெயரும் சாதி வசவும் அந்தப் பதிவேட்டில் ஏற வேண்டுமென்று பணிமருத்துவரோடு சண்டையிடும் தோழர்களைப் பார்த்திருக்கிறோம். அது வீண். குற்றம் செய்தவர் யார் என்பது மருத்துவரின் வேலையன்று, உயிர்காப்பதே அவரது முதல் கடமை என்று 1985இல் பட்டிப்பாட்டி வெங்கையா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பெயர் இல்லாததால் மட்டும் வழக்கு விழாது. வசவும் பெயர்களும் முதல் தகவல் அறிக்கைக்கான புகாரில் இடம்பெற வேண்டும். பதிவேட்டில் 'விழுந்தார்' என்று வராமல் பார்த்துக்கொள்வதே அங்கு நமது வேலை. விபத்து என்று சொன்னால் சிகிச்சை எளிதாகும், சாலை விபத்துக்கான அரசுத் திட்டத்தில் செலவு தீரும் என்று வார்டில் யாரேனும் நல்லெண்ணத்தோடு அறிவுரை சொல்வார்கள். ஏற்க வேண்டாம். காவல் நடைமுறைக்காகச் சிகிச்சையைத் தாமதப்படுத்தக் கூடாது என்று 1989இலேயே பர்மானந்த் கட்டாரா வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. மருந்து, சிறப்பு மருத்துவ ஆலோசனை, இரத்தம், மாற்றுடை, உணவு ஆகியவற்றுக்கான செலவை அரசு ஏற்க வேண்டுமென வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 11ஆம் விதி சொல்கிறது.

ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பப்படும்போது கதை மாறிவிடும் ஆபத்தும் உண்டு. வட்ட மருத்துவமனையிலிருந்து அரியலூருக்கு, அங்கிருந்து சில நேரம் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ. ஒவ்வொரு வாசலிலும் புதிய பதிவு. 2022 ஜனவரியில் அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தபின் இந்தப் பயணம் ஓரளவு குறைந்திருக்க வேண்டும். மருத்துவராகும் கனவு நீட் தேர்வால் மறுக்கப்பட்டு 2017 செப்டம்பர் 1 அன்று உயிர்நீத்த குழுமூர் அனிதாவின் பெயரை அக்கல்லூரியின் அரங்கம் தாங்கியிருக்கிறது. பரிந்துரைச் சீட்டின் நகலை ஒவ்வொரு கட்டத்திலும் செல்பேசியில் படமெடுத்து வையுங்கள். முதல் ஏட்டில் 'தாக்குதல்' என்றும் இரண்டாவதில் 'விழுந்தார்' என்றும் இருந்தால், அதை அன்றே கண்டுபிடித்து மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு எழுதுவது எளிது; மூன்றாண்டு கழித்துச் சாட்சிக் கூண்டில் விளக்குவது கடினம். நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டுமென 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் கூறுகின்றன. வாய்மொழியாகக் கேட்காதீர்கள்; தேதியிட்ட கடிதம் கொடுத்து ஒப்புகை பெறுங்கள்.

தையல் பிரித்த பின்னும் காயம் ஆறாமல் சீழ் கசிந்தால், உள்ளே இன்னொரு துண்டு தங்கியிருக்கலாம். அது மாதங்கள் கழித்து வெளிப்படுவதும் உண்டு. அப்போதும் பழைய பதிவேட்டு எண்ணைக் காட்டி, புதிய துண்டையும் முத்திரையிடச் செய்து, கூடுதல் மருத்துவக் கருத்தைப் பெற வேண்டும்.

இறுதியாக அந்தப் பதினைந்து நாள். தையல் பத்தாம் நாளோ பதினான்காம் நாளோ பிரிக்கப்படுகிறது. அத்துடன் மருத்துவமனையோடு உறவு முடிந்தது என்று வீட்டார் நினைக்கிறார்கள். கரும்பு வெட்டுபவரும் நடவு நடுபவரும் மூட்டை தூக்குபவரும் குனிந்து நிமிராமல் தம் வேலையைச் செய்ய முடியாது. பதினாறாம் நாள் அவரை மீண்டும் புறநோயாளிப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர் என்ன வேலை செய்பவர், அந்த வேலையைக் காயம்பட்ட நாள் முதல் செய்ய முடிந்ததா என்பதை மருத்துவர் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்; தேதியும் கையொப்பமும் இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துவிட்டு வாருங்கள்.